காலியாக விட்ட கட்டம்

இந்த ஆண்டு படிப்பை முடித்து சைட்டுக்குக் கிளம்பும் ஏழு பேருக்கும் எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் போனவர்களும் படிக்கலாம். வழக்கமாக இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயதுதான். ஆனால் களத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. என் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கருவியின் திருகுகளை ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம்தான் திருப்புவது? பைக்கில் விழுந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அந்தப் பொய்யையும் இன்றைக்கு எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு எனக்கு இங்கே வகுப்பு இருக்குமா என்பது தெரியவில்லை. ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, புது உத்தரவு வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தரையின் மட்டம் எடுத்து எழுதும் அந்த லெவல் நோட்டுகள்தான் காரணம். உங்களில் இரண்டு பேர் வந்து, "சார், ஒரு நோட்டுக்குப் போயி இம்புட்டுப் பிடிவாதமா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது.

என் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வீட்டுக்கு ஏதாவது தாள் வந்தால் அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கொண்டு வருவார். நான் வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பேனாவுலதான எழுதிருக்காக?" ஆமாம் என்றால், "அப்பச் சரி" என்று நிம்மதியாகப் போய்விடுவார். மையால் எழுதினது பொய்யாக இருக்காது என்று ஒரு மனிதர் நம்பினார். அப்படிப்பட்டவர் மகனாகப் பிறந்துவிட்டு நான் செய்த முதல் காரியத்தைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வாய்க்காலுக்குச் சிமெண்டுத் தளம் போடும் வேலை. காண்ட்ராக்டரிடம் நான் கடைக்குட்டி சர்வேயர். மட்டம் எடுத்துக்கொண்டே போய், ஆரம்பித்த கல்லுக்கே திரும்பி வந்தால், ஆரம்பித்த எண்ணே வர வேண்டும். அதைத்தான் க்ளோஸ் ஆவது என்கிறோம். எனக்கு வரவில்லை. மே மாத வெயில், ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடிக்கிறவர் சாப்பிடப் போய்விட்டார், மறுபடி நடக்கத் தெம்பில்லை. பென்சிலில் எழுதிய நோட்டு. நடுவில் சந்தேகமாக இருந்த ஒரு எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, கணக்கு உட்காருகிற மாதிரி வேறொன்று எழுதினேன். க்ளோஸ் ஆனது. அட்ஜஸ்ட் பண்ணினேன் என்று நாம் கௌரவமாகச் சொல்லிக்கொள்வோமே, அது.

தளம் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். பாதி தூரம் ஓடி வந்த தண்ணீர் ஒரு வளைவில் நின்றது. பிறகு பின்வாங்கிக் கரையைத் தாண்டி, பாண்டியம்மா என்பவருடைய நாற்றங்காலுக்குள் இறங்கியது. மூன்று நாள் அங்கேயே நின்றது. நாற்று அத்தனையும் அழுகிப்போனது.

அந்தக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்தது.

"ஏப்பா, லெவல் பாத்தது யாரு?"

"நான்தான்க்கா. கணக்குச் சரியா இருக்குக்கா. இந்தா பாருங்க." நோட்டை விரித்துக் காட்டினேன். காட்டினேன் என்பதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

"நோட்டுல சரியா இருக்காக்கும்? அப்ப நோட்டுலயே நாத்தையும் நட்டுரு. நா வந்து அறுத்துக்கிறேன்."

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக்கா சிரிக்கவில்லை. சைட் இன்ஜினியர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த ரீடிங்லடா தப்பு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அழித்தது எந்தப் பக்கத்தில் என்பதுகூட நினைவில்லை. ரப்பர் தேய்த்த தாளில் என்ன தெரியும்? நாலே நாலு நொடியில் அழித்ததைத் தேடி மொத்த வாய்க்காலையும் திரும்ப மட்டம் எடுத்தோம். மூன்று நாள். மூன்று நாளும் பாண்டியம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் போகும்போது சொன்னது:

"தப்புப் பண்ணுனது கூடப் போகுதுப்பா. எங்கன பண்ணுனன்னு சொல்லக்கூடத் தெரியலையே ஒனக்கு."

அன்றைக்கு ரப்பரை வாய்க்காலில் எறிந்தேன். அதற்குப் பிறகு பேனாதான். தப்பாக எழுதினால் மேலே ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் காரணம்: ஸ்டாஃப் சாய்ந்தது, லாரி குறுக்கே போனது, நான் கவனிக்கவில்லை. என் நோட்டு அசிங்கமாக இருக்கும். ஆனால் யாராவது எங்கே தப்பு என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவேன்.

இந்தப் பழக்கத்தோடுதான் வெளிநாடு போனேன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். ரோடு போடும் கம்பெனி. என்னோடு வண்டி ஓட்டினவர் ஜாபர் அண்ணன். மதுரை காஜிமார் தெருக்காரர். பதினைந்து வருடமாக அங்கே இருந்ததால் அந்த ஊர் மொழியில் சண்டை போடவே வரும் அவருக்கு. நான் சேர்ந்த ஒரு வருடத்தில் அந்த நாட்டில் யுத்தம் மூண்டது. ரோடு வேலைக்காரனை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று கம்பெனி சொன்னது, நாங்களும் நம்பினோம். ஒரு காலையில் நான்கு பிக்கப் வண்டிகள் கேம்ப்புக்குள் வந்தன. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எங்களில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கருவிப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். கரும்பலகையில் யாரோ ஒரு வாத்தியார் பாதியில் விட்டுப் போன வகுத்தல் கணக்கு இருந்தது. பயத்தில் வேறு எதையும் யோசிக்க முடியாமல் அதை மனசுக்குள் போட்டு முடித்துக்கொண்டே இருப்பேன். ஜாபர் அண்ணன்தான் எங்களைப் பேச வைப்பார்.

"மாப்ள, இவிங்க தர்ற ரொட்டியப் பாத்தியா? இத வச்சே ரோடு போட்டுருக்கலாம். தாரே தேவைப்பட்டுருக்காது."

நான்காம் நாள் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஜாபர் அண்ணனும் வந்தார். அவர்களுடைய தலைவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மேசையில் என் லெவல் நோட்டு.

"எதிரிப்படைக்குக் குறிப்பு எடுத்துக் குடுத்தியான்னு கேக்குறான்," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "இம்புட்டு நம்பரும் என்னன்னு கேக்குறான். பாத்துச் சொல்லு மாப்ள. ஆள் நல்ல மூடுல இல்ல."

அதற்கு முந்தின நாள் பக்கத்து அறையிலிருந்த ஒரு ஆளை இதே கேள்விக்காக வெளியே கூட்டிப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. ரோடு மட்டம், ரோடு மட்டம் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

தலைவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் நோட்டை எடுத்துப் புரட்டினான். என் வயதுதான் இருக்கும். இன்ஜினியரிங் இரண்டு வருடம் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவன் என்று பிறகு தெரிந்தது. ஒரு பக்கத்தில் நின்று, கோடு போட்ட எண்ணைக் காட்டி ஏதோ கேட்டான்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் விட்டு வச்சிருக்கன்னு கேக்குறான்."

"நான் எழுதுனதுதானண்ணே அது. எழுதவே இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அண்ணன் அதைச் சொன்னார். படித்தவன் கீழே உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஆறு பக்கம். பக்கத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த காரணங்களைத் தலைவனுக்கு வாசித்தான். 'ஆடு ஸ்டாஃபை முட்டியது' என்ற இடத்தில் தலைவனே சிரித்துவிட்டான். உளவு பார்க்கிறவன் இவ்வளவு தப்பு செய்து, செய்த தப்பை எல்லாம் பத்திரமாக வைத்திருக்க மாட்டான் என்று படித்தவன் சொன்னதாக அண்ணன் பிறகு சொன்னார்.

இங்கே கதை முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எனக்குச் சுலபம். சுத்தமாக வேலை செய், உயிர் பிழைப்பாய் என்று பாடம் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இவன் எண் எழுதினால் சரியாக இருக்கும் என்று தலைவன் நம்பிவிட்டான். அதுதான் வினையானது.

பத்து நாள் கழித்து என்னையும் அண்ணனையும் டோட்டல் ஸ்டேஷன் பெட்டியையும் ஒரு மேட்டுக்குக் கொண்டு போனார்கள். கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி, நீங்கள் தினமும் தொடுவதுதான். கீழே ஒரு சின்ன ஆறு. அக்கரையில் ஊர். ஊருக்கு நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி. மேட்டின் பின்பக்கம் இரண்டு குழாய்ப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள்.

"தொட்டிக்குத் தூரம் வேணுமாம்," என்றார் அண்ணன்.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். என் கை தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. முக்காலியை விரித்தேன், கருவியை ஏற்றினேன், குமிழியை நடுவுக்குக் கொண்டு வந்தேன். நோட்டை என்னிடமே திருப்பித் தந்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் புதுப் பக்கம் எடுத்து, பார்க்கும் இடம்: தண்ணீர்த் தொட்டி என்று எழுதினேன். அதற்கப்புறம்தான் கண்ணை வைத்தேன்.

தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மொட்டை மாடி. கொடியில் துணி. ஒரு பெண் துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் சந்தை. பரவைச் சந்தையில் பார்ப்போமே, மூட்டை இறக்குகிறவர்களும் தலைச்சுமைக்காரர்களும் முட்டிக்கொண்டு, அதே மாதிரி.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டார். மெதுவாகத் தமிழில் சொன்னார்:

"மாப்ள, சரியான கணக்கச் சொல்லணும்னு என்ன இருக்கு? நூறு மீட்டர் கூட்டிச் சொல்லிரு. இல்லாட்டிக் கொறச்சுச் சொல்லு. இவிங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"கூட்டுனா சந்தைண்ணே. கொறச்சா அந்த வீடு."

அவர் அக்கரையைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். நான் பல தடவை யோசித்துவிட்டேன். சரியான எண் கொடுத்தால் ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும், தொட்டிக்கடியில் இருப்பவர்களின் உயிர் போகும். பொய்யான எண் கொடுத்தால் அந்தப் பொய் போய் விழும் இடத்திலும் ஆள் இருக்கிறார்கள். வாடிப்பட்டியில் நான் போட்ட பொய் எண் பாண்டியம்மாவின் நாற்றங்காலில் போய் விழுந்தது. ஒரு எண்ணை எழுதிவிட்டால் அது எங்கேயாவது போய் விழாமல் இருக்காது. எழுதாமல் இருப்பது ஒன்றுதான் பாக்கி.

"முடியாதுன்னு சொல்லுங்கண்ணே," என்றேன்.

"இத நான் எப்புடிடா சொல்லுவேன்? சுட்டுருவாய்ங்கடா."

தலைவன் பின்னாலிருந்து அதட்டினான். கருவி முக்காலியில் நின்றது. அதை அங்கே நிற்க விட்டால் என்னை அடித்தோ, அந்தப் படித்தவனை வைத்தோ எண்ணை வாங்கிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கருவியைக் கீழே போட்டதில்லை நான். மழையில் என் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருக்கிறேன். காலைத் தூக்கி முக்காலியை எட்டி உதைத்தேன். கருவி பாறையில் மோதி, உருண்டு, சரிவில் போய் இரண்டாகக் கிடந்தது.

துப்பாக்கியின் பின்கட்டை முதலில் முதுகில் விழுந்தது. பிறகு தரையில் ஊன்றியிருந்த இடது கையில். அண்ணன் குறுக்கே விழுந்து அந்த மொழியில் என்னென்னவோ கத்தினார். அடி நின்றது. கால் தடுக்கி முக்காலி சாய்ந்துவிட்டது, பையன் நான்கு நாளாகக் காய்ச்சலில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்.

ஆக, நான் உயிரோடு இருப்பது ஜாபர் அண்ணன் சொன்ன ஒரு பொய்யால். இதை எழுதாமல் விட்டால் நானும் ரப்பர் எடுத்தவன்தான்.

அந்த ஊர் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை. அவர்கள் வேறு வழியில் தூரத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். என் எண்ணால் அங்கே எதுவும் விழவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மேலும் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். யார் பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று இன்றும் முழுசாகத் தெரியாது. ஒரு மத்தியானம் எங்களை எல்லைக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். வண்டி நகரும்போது அந்தப் படித்தவன் ஓடி வந்து என் மடியில் எதையோ போட்டுவிட்டுப் போனான். அன்று மேட்டில் விட்டு வந்த என் லெவல் நோட்டு. எல்லை தாண்டியதும் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது அப்படியே இருந்தது. பார்க்கும் இடம்: தண்ணீர்த் தொட்டி. தூரம் எழுதும் கட்டம் காலி.

ஊருக்கு வந்ததும் அப்பா என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "எழுதுற கை நல்லாருக்குல்ல?" என்றார். நல்லாருக்குப்பா என்றேன். "அப்பச் சரி" என்றார்.

அதற்குப் பிறகு மேல்படிப்பை முடித்து இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். ஒத்தக்கடையில் வாடகை வீடு. ஜாபர் அண்ணன் வாரம் தவறாமல் போன் போடுவார். மிச்சக் கதை உங்கள் கண் முன்னால் நடந்தது. ஆனாலும் ஒரு பாதியை நீங்கள் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தை மதிப்பிட ஆய்வுக்குழு வரப்போகிறது என்றதும் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மேசையில் நீங்கள் சர்வே முகாமில் எழுதிய நோட்டுகள்.

"என்னப்பா இது, கோழி கிண்டுன மாதிரி? பக்கத்துக்கு அஞ்சு கோடு."

"வயக்காட்டுல நின்னு எழுதுனது சார்."

"எல்லாருக்கும் புது நோட்டு வருது. பிள்ளைகள உக்கார வச்சு அழகாப் பாத்து எழுதச் சொல்லுங்க. அடித்தல் திருத்தல் கூடாது. இந்த முத்துச்செல்வி நோட்டு க்ளோஸே ஆகல. அதையும் ஆக்கிருங்க."

"அது ஆகாது சார். அந்தப் பிள்ளை எடுத்தது அதுதான்."

"ஒங்களுக்கு ஜூன்ல ஆர்டர் போடணும்ப்பா. நான் மிரட்டல. எனக்கு மேல இருக்கவங்க என்னயக் கேப்பாங்கல்ல?"

"கேட்டா என்னயக் கை காட்டுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று சாயங்காலம் முத்துச்செல்வி பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றது.

"சார், நானே அட்ஜஸ்ட் பண்ணி எழுதித் தந்துருறேன் சார். என்னால ஒங்க வேல போகுதுங்கிறாக."

"ஒன்னால போகல. என்னால போகுது. நீ க்ளோஸ் ஆகலன்னு எழுதுனியே, அதுக்குத்தான் முழு மார்க் போட்டுருக்கேன். அதுல கை வச்சா மார்க்கு போயிரும், பாத்துக்க."

அந்தப் பிள்ளை சிரித்ததா அழுததா தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

குழு வந்த அன்று பழைய நோட்டுகளையே அடுக்கி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே என் நோட்டு. துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவின் மூத்தவர் முத்துச்செல்வியின் நோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னுடையதை எடுத்தார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டார்.

"இது யாரோடது?"

"என்னோடது சார்."

"தொட்டின்னு எழுதிருக்கு. ரீடிங் காலியா இருக்கே?"

"எடுக்கல சார்."

"ஏன், கருவி சரியில்லையா?"

"கருவி நல்லா இருந்துச்சு சார். எடுக்க மாட்டேன்னுட்டேன்."

அவர் என் கையைப் பார்த்தார். குறிப்பு எழுதும் படிவத்தை முன்னால் இழுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். உங்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. முதலில் பென்சிலில் எழுதுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசி முடித்து, அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு மேலே மையால் எழுதுவார்கள்.

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன்.

"சார், பேனா இருக்கு."

துறைத் தலைவர் இருமினார். மூத்தவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கினார். எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எதுவானாலும் மையால் எழுதினார்.

பேனா திரும்பி வரவில்லை. வேறொன்று வாங்கிக்கொண்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன். மேலே நான்கு இடத்தில் அடித்திருக்கிறேன், படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.